வீடு கட்டும் அனுமதி மறுக்கப்பட்டால் என்ன செய்யலாம்?

சொந்தக் காணிக்குத் திரும்பிய குடும்பம் தானே மேசனைப் பிடித்து, தானே கல்லும் சீமெந்தும் வாங்கி, தன் வீட்டைக் கட்டுவது வடக்கிலும் கிழக்கிலும் இன்று வழமையான முறை. 2012 இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின் பெரும்பகுதியும் இவ்வாறே நடந்தது. புதிய வீட்டுக்கு 550,000 ரூபா பகுதி பகுதியாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. வேலையைக் குடும்பமே கவனித்தது. இந்த முறையில் வீட்டுச் சொந்தக்காரரே கட்டுநராகவும் இருப்பதால், கட்டட அனுமதிக்கு விண்ணப்பிப்பதும், அது மறுக்கப்பட்டால் பதில் சொல்வதும் அவருடைய பொறுப்பாகின்றன.

மறுப்புக் கடிதம் கிடைத்ததும் சில குடும்பங்கள் மனம் தளர்ந்து கோப்பை மூடிவைத்து விடுகின்றன. வேறு சில குடும்பங்கள் “மாரி வருகிறது, இனிப் பொறுக்கேலாது” என்று அனுமதி இல்லாமலே அத்திவாரம் வெட்டுகின்றன. இரண்டாலும் நட்டம் குடும்பத்துக்கே. பெரும்பாலான மறுப்புக்களில் திருத்தக்கூடிய குறைகளும், கேள்வி கேட்கக்கூடிய காரணங்களும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பதிலை உரிய அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுப்பது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மறுக்கப்பட்டது எது?

முதலில் இதைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். வீட்டுத் திட்டப் பயனாளிப் பட்டியலில் பெயர் வருவது ஒரு விடயம். கட்டட அனுமதி வேறொரு விடயம். பயனாளித் தெரிவு பிரதேச செயலகத்தோடும் உதவி நிறுவனத்தோடும் தொடர்புடையது. அதில் ஆட்சேபனை இருந்தால் கிராம அலுவலர், பிரதேச செயலாளர், நிறுவனத்தின் முறைப்பாட்டுக் குழு ஆகியோரிடம் செல்ல வேண்டும்.

கட்டட அனுமதியை வழங்குவது உங்கள் உள்ளூராட்சி மன்றம், அதாவது பிரதேச சபை, நகர சபை அல்லது மாநகர சபை. இதற்கு அடிப்படை 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். உங்கள் ஊர் நகர அபிவிருத்தி அதிகார சபையின் அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருந்தால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டமும் பொருந்தும். அத்தகைய இடங்களிலும் வீடு போன்ற சிறிய கட்டடங்களுக்கான விண்ணப்பத்தைப் பொதுவாக உள்ளூராட்சி மன்றமே அதிகார சபையின் சார்பில் பரிசீலிக்கிறது.

ஆகவே மன்றத்தின் அலுவலகத்திலோ உப அலுவலகத்திலோ இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எனது காணி அபிவிருத்திப் பிரதேசத்துக்குள் வருகிறதா? எனது விண்ணப்பத்தை மறுத்தது சபையா, அல்லது வேறு திணைக்களம் ஒன்றின் ஆட்சேபனையால் சபை நிறுத்தி வைத்துள்ளதா? யாருக்கு எழுத வேண்டும் என்பது இந்தப் பதிலில் தங்கியுள்ளது.

மறுப்பை எழுத்தில் பெறுங்கள்

“உங்கட பிளான் சரிவராது”, “இந்தக் காணிக்கு அனுமதி குடுக்கேலாது” என்று மேசையில் சொல்லப்படும் வார்த்தையை வைத்து மேன்முறையீடு செய்ய முடியாது. விண்ணப்பம் ஏற்கப்பட்டதற்கான பற்றுச்சீட்டைக் காட்டி, மறுப்பையும் அதற்கான எல்லாக் காரணங்களையும் கடிதமாகத் தரும்படி கேளுங்கள். கேட்பதையும் ஒரு சிறு கடிதமாகவே கொடுத்து, உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் திகதியும் வாங்கிக் கொள்ளுங்கள். முத்திரை வைக்க மறுத்தால் அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழி தமிழ். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதவும் பதிலைத் தமிழில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. கொழும்பிலுள்ள திணைக்களம் வேறு மொழியில் கடிதம் அனுப்பியிருந்தால், தமிழில் தரும்படி கேட்கலாம்.

கடிதம் கிடைத்த நாளைக் கடிதத்தின் மேலேயே எழுதி வையுங்கள். தபாலில் வந்திருந்தால் உறையையும் எறிய வேண்டாம். ஏன் என்பதைக் கீழே காலக்கெடுப் பகுதியில் காணலாம்.

காரணங்களைப் பிரித்துப் பாருங்கள்

கடிதத்தில் சொல்லப்பட்ட காரணங்களை ஒரு தாளில் ஒவ்வொன்றாக எழுதுங்கள். அவை பெரும்பாலும் பின்வரும் மூன்று வகைகளுள் ஒன்றில் அடங்கும்.

1. காணி ஆவணம் பற்றிய காரணங்கள்

உறுதி தொலைந்திருக்கலாம், எரிந்திருக்கலாம். உறுதிக் காணியாயின் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்து அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறலாம். உறுதியின் இலக்கமோ, எழுதிய நொத்தாரிசின் பெயரோ, அயற்காணிக்காரரின் உறுதியோ தெரிந்தால் தேடுவது எளிது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பெர்மிட் காணியாயின் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையிலுள்ள பேரேட்டில் உங்கள் பெயரோ பெற்றோரின் பெயரோ இருக்கும். அங்கு விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பதாரரின் பெயரும் உறுதியிலுள்ள பெயரும் வேறாக இருப்பது யாழ்ப்பாணக் குடாநாட்டில் அடிக்கடி வரும் சிக்கல். காணி மனைவியின் சீதன உறுதியில் இருக்கும். விண்ணப்பத்தைக் கணவர் தன் பெயரில் போட்டிருப்பார். இதற்குத் தீர்வு எளிது. உறுதிக்குரியவர் பெயரில் விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுங்கள்.

காணி சகோதரர்களுக்குப் பிரிபடாத பங்காக இருந்தால், மற்றப் பங்காளிகளின் சம்மதக் கடிதம் கேட்கப்படும். பங்காளி வெளிநாட்டில் இருந்தால், அந்நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திய சம்மதக் கடிதமோ அற்றோணித் தத்துவமோ அனுப்பச் சொல்லலாம். உறுதிக்குரியவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் உரித்தாளிகளின் விபரமும் தேவைப்படும்.

கணவர் காணாமற்போயிருந்து உறுதியும் அவர் பெயரிலேயே இருந்தால், 2016 முதல் சட்டம் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெற வழி செய்கிறது. இறப்புச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்கள் அதற்குப் பதிலாக இதைப் பெறலாம். இதை வைத்துக் காணி விடயத்தில் என்ன செய்யலாம் என்பதை விண்ணப்பிக்கும் முன்னர் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

பழைய உறுதியிலுள்ள அளவும் புதிய நில அளவை வரைபடத்திலுள்ள அளவும் பொருந்தவில்லை என்று சொல்லப்பட்டால், முதலில் அலகுகளைச் சரிபாருங்கள். வடக்கின் பழைய உறுதிகளில் குடியிருப்புக் காணி பரப்பு, குழி என்று எழுதப்பட்டிருக்கும். 18 குழி ஒரு பரப்பு. ஒரு பரப்பு 10 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர். அலகு மாற்றிய பின்னரும் வித்தியாசம் இருந்தால், எல்லைக் கற்கள் அழிந்து போனதாலா என்பதை நில அளவையாளரிடம் எழுத்தில் கேட்டு இணைக்கலாம்.

2. வரைபடம் பற்றிய காரணங்கள்

வீதியிலிருந்து விடவேண்டிய தூரம், பின்பக்கத் திறந்த வெளி, காற்றோட்டம், கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையிலான தூரம் ஆகியவை இந்த வகையில் வரும். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்கள் ஊடாக ஓடுவதால் குழியின் கழிவு கிணற்றை விரைவாகச் சென்றடையும். ஆகவே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குழியைத் தள்ளி வைக்கச் சொன்னால், அது உங்கள் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் பற்றியது. இதை எதிர்த்து வாதாட வேண்டாம். எவ்வளவு தூரம் தேவை என்பதை எழுத்தில் பெற்று வரைபடத்தைத் திருத்துங்கள்.

உதவி நிறுவனம் தந்த மாதிரி வரைபடம் எல்லாக் காணிக்கும் பொருந்தாது. ஒடுங்கிய காணிக்கு வீட்டின் முகப்பைத் திருப்ப வேண்டி வரலாம். இத்தகைய திருத்தத்தை நிறுவனத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள். படவரைஞருக்குப் புதிதாகப் பணம் கொடுக்கும் முன்னர், சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் திருத்திய பென்சில் வரைபைக் காட்டி அபிப்பிராயம் பெறுவது நல்லது.

3. வேறு திணைக்களத்தின் ஆட்சேபனை

கடற்கரையோரக் காணியாயின் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின்படி கரையோர வலயம் சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை செல்கிறது. 300 மீற்றருக்குள் எதையும் கட்டவே முடியாது என்று நினைப்பது தவறு. அதற்குள் கட்டுவதற்கு அந்தத் திணைக்களத்திடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

பிரதான வீதியோரமாயின் வீதி அபிவிருத்தி அதிகார சபை, காட்டை அண்டிய காணியாயின் வனத் திணைக்களம், பாதுகாப்புப் படையினர் பயன்படுத்தும் நிலத்தை ஒட்டியிருந்தால் மாவட்டச் செயலகம் என்று விடயம் விரியும். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பற்றை வளர்ந்த வளவுகள் காடு என்று அடையாளமிடப்பட்டிருந்தால், முன்னர் அங்கு குடியிருந்ததைக் காட்டும் ஆதாரங்களைத் திரட்டுங்கள். பழைய வாக்காளர் இடாப்பு, சோலைவரிப் பற்றுச்சீட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழிலுள்ள முகவரி, பாடசாலை அனுமதிப் பதிவு, கிணறும் பழைய அத்திவாரமும் தெரியும் புகைப்படம் ஆகியவை உதவும். அவற்றோடு பிரதேச செயலாளரிடம் கூட்டுக் கள ஆய்வு கேளுங்கள். இந்த வகைச் சிக்கலைத் தனிக் குடும்பமாகப் பேசுவதிலும் கிராம அபிவிருத்திச் சங்கம் அல்லது மீள்குடியேற்றக் குழு ஊடாகப் பல குடும்பங்கள் சேர்ந்து பேசுவது பலம்.

ஓர் எடுத்துக்காட்டு

பல குடும்பங்களின் நிலைமையை ஒன்றாகக் காட்டுவதற்காக அமைத்த எடுத்துக்காட்டு இது. வலிகாமத்தில் இரண்டு பரப்புக் காணிக்குத் திரும்பிய குடும்பம் ஒன்றின் விண்ணப்பம் மூன்று காரணங்களால் மறுக்கப்படுகிறது. ஒன்று, விண்ணப்பதாரர் பெயரில் காணி இல்லை. இரண்டு, குழி கிணற்றுக்கு அண்மையில் உள்ளது. மூன்று, முன்விறாந்தை வீதிக் கட்டட எல்லைக்குள் வருகிறது.

முதலாவது காரணம் சரியானது. காணி மனைவியின் சீதனம். விண்ணப்பம் அவர் பெயருக்கு மாற்றப்படுகிறது. இரண்டாவதும் சரியானது. குழி காணியின் மறுமூலைக்கு மாற்றி வரையப்படுகிறது.

மூன்றாவது வேறு வகை. வீட்டின் முன்னால் இருப்பது நான்கு குடும்பங்கள் பாவிக்கும் ஒழுங்கை. உறுதியில் அது “வழிவாய்க்கால் உரித்துடன்” கூடிய தனியார் பாதையாக எழுதப்பட்டுள்ளது. சபை அதைப் பொது வீதியாகக் கணக்கெடுத்து, வீதிக்குரிய தூரத்தைக் கேட்டுள்ளது. ஆகவே குடும்பம் அந்த ஒழுங்கை சபையின் வீதிப் பதிவேட்டில் உள்ளதா, அதற்குக் கட்டட எல்லை எப்போது குறிக்கப்பட்டது என்பதைத் தகவல் கோரிக்கை மூலம் கேட்கிறது. உறுதியின் பிரதி, நில அளவை வரைபடம், ஒழுங்கையின் இரு முனைகளையும் காட்டும் புகைப்படம் ஆகியவற்றை இணைத்து, அந்த ஒரு காரணத்தை மட்டும் மீளாய்வு செய்யும்படியும் இடத்தை நேரில் பார்வையிடும்படியும் எழுதுகிறது.

சரியான இரண்டு காரணங்களை ஏற்றுத் திருத்தியதால், பிழையான ஒன்றை எதிர்க்கும்போது குடும்பத்தின் சொல்லுக்குப் பெறுமதி கூடுகிறது. மூன்றையும் ஒரேயடியாக எதிர்த்திருந்தால் கோப்பு அப்படியே கிடந்திருக்கும்.

மேன்முறையீட்டை எழுதும் விதம்

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகத் தேவையில்லை. போரில் பட்ட கஷ்டங்களை ஒரு வசனத்தில் சொன்னால் போதும். முடிவெடுக்கும் அலுவலர் தேடுவது காரணத்துக்கான பதிலையும் ஆவணத்தையும். பின்வரும் மாதிரியை உங்கள் நிலைமைக்கு ஏற்ப மாற்றிக் கொள்ளலாம்.

திகதி:
அனுப்புநர்: பெயர், முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம்
பெறுநர்: தவிசாளர் / செயலாளர், …………… பிரதேச சபை
விடயம்: கட்டட விண்ணப்ப இல. …………… மறுக்கப்பட்டமை தொடர்பான மேன்முறையீடு

ஐயா / அம்மணி,

…………… கிராம அலுவலர் பிரிவில் அமைந்துள்ள எனது காணியில் வீடு கட்டுவதற்காக …………… ஆம் திகதி விண்ணப்பித்தேன். தங்களது …………… ஆம் திகதிய கடிதத்தின் மூலம் அது மறுக்கப்பட்டது. அக்கடிதம் எனக்கு …………… ஆம் திகதி கிடைத்தது.

காரணம் 1 ஐ ஏற்றுத் திருத்தியுள்ளேன். திருத்திய விண்ணப்பம் இணைப்பு 1 இல் உள்ளது.
காரணம் 2 ஐ ஏற்று வரைபடத்தைத் திருத்தியுள்ளேன். அது இணைப்பு 2 இல் உள்ளது.
காரணம் 3 பொருந்தாது எனக் கருதுகிறேன். ஏனெனில் …………… இதற்கான ஆதாரங்கள் இணைப்பு 3, 4 இல் உள்ளன.

நாங்கள் இடம்பெயர்ந்து மீளக்குடியமர்ந்த குடும்பம். தற்போது தற்காலிகக் கொட்டிலில் வசிக்கிறோம். வீட்டுதவியின் அடுத்த கொடுப்பனவு இந்த அனுமதியில் தங்கியுள்ளது. ஆகவே எனது முன்னிலையில் காணியைப் பார்வையிட்டு, முடிவை மீளாய்வு செய்து, பதிலை எழுத்தில் தருமாறு பணிவுடன் கேட்டுக் கொள்கிறேன்.

பிரதி: உள்ளூராட்சி உதவி ஆணையாளர், பிரதேச செயலாளர்

ஒப்பம்

சபைக்குத் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாத காலத்தில் சபையின் செயலாளருக்கு முகவரியிடுங்கள். வாசிக்கவோ எழுதவோ இயலாதவர்கள் நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு எழுதுவித்து, முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்ன பின்னரே கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ இடுங்கள்.

சபைக்கு மேலே யார்?

சபையின் பதில் திருப்தி தராவிட்டால், அல்லது பதிலே வராவிட்டால், மாவட்டத்திலுள்ள உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கும், பின்னர் மாகாண உள்ளூராட்சி ஆணையாளருக்கும் எழுதலாம். காணி அபிவிருத்திப் பிரதேசத்துக்குள் இருந்தால் நகர அபிவிருத்தி அதிகார சபையின் மாகாண அலுவலகத்துக்கும் எழுதுங்கள். வேறு திணைக்களத்தின் ஆட்சேபனையாயின் அந்தத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதி, பிரதேச செயலாளருக்குப் பிரதி இடுங்கள்.

அலுவலரின் நிர்வாகத் தவறு அல்லது நியாயமற்ற தாமதம் பற்றி, நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளருக்கு நேரடியாக முறையிடலாம். இவரையே ஒம்புட்ஸ்மன் என்கிறோம். ஒரே நிலைமையிலுள்ள அயலவருக்கு அனுமதி கொடுத்து உங்களுக்கு மட்டும் மறுத்திருந்தால், அது அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை கூறும் சமத்துவ உரிமையைத் தொடும் விடயமாகலாம். அப்போது இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை ஆகிய இடங்களில் அதற்கு அலுவலகங்கள் உண்டு. துரித தொலைபேசி இலக்கம் 1996.

நீதிமன்றம் கடைசிப் படி. உள்ளூராட்சி மன்றத்தின் சட்டத்துக்கு மாறான முடிவை இரத்துச் செய்யவோ, செய்யவேண்டிய கடமையைச் செய்யும்படி கட்டளையிடவோ எழுத்தாணை வழங்கும் அதிகாரம் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு உண்டு. இதற்குச் சட்டத்தரணி தேவை. பண வசதி இல்லாதவர்கள் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட நிலையத்தை நாடலாம்.

தகவலைக் கேட்டுப் பெறும் உரிமை

உங்கள் கோப்பில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்ன எழுதினார், திட்டமிடல் குழு எந்தத் திகதியில் என்ன தீர்மானித்தது என்பது தெரியாமல் மேன்முறையீடு எழுதுவது கடினம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இங்கு கைகொடுக்கும். சபையின் தகவல் அலுவலரிடம் கோரிக்கை கொடுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாயால் சொன்னால், அலுவலர் அதை எழுத்தில் பதிந்து கொள்ள வேண்டும்.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால், அல்லது பதில் வராவிட்டால், 14 நாட்களுக்குள் அதே மன்றத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அவரும் தராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குச் செல்லலாம்.

“எனது கோப்பு முழுவதும்” என்று கேட்பதை விடக் குறிப்பாகக் கேட்பது நல்லது. உதாரணமாக: கள ஆய்வு அறிக்கையின் பிரதி, திட்டமிடல் குழுக் கூட்டக் குறிப்பில் எனது விண்ணப்பம் பற்றிய பகுதி, மறுப்புக்கு ஆதாரமான ஒழுங்குவிதியின் பிரதி.

காலக்கெடு

மறுப்புக் கடிதத்தில் மேன்முறையீட்டுக்கு நாட்கள் குறிக்கப்பட்டிருந்தால் அதற்குள் கொடுங்கள். குறிக்கப்படாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு மேல் தாமதிக்க வேண்டாம்.

அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குச் செல்வதாயின் காலம் ஒரு மாதம் மட்டுமே. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், ஆணைக்குழு விசாரிக்கும் காலம் இந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. சபையோடு பேசிக்கொண்டிருக்கும் காலத்துக்கு இத்தகைய சலுகை இல்லை. கடிதம் கிடைத்த திகதியையும் உறையையும் பாதுகாக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பதில் வரும்வரை கட்டத் தொடங்கலாமா?

வேண்டாம். அனுமதி இல்லாத கட்டடத்துக்கு எதிராக அறிவித்தல் கொடுத்து, நீதவான் நீதிமன்றத்தில் இடித்தகற்றும் கட்டளை பெறச் சட்டத்தில் இடம் உண்டு. கட்டி முடித்தாலும், வரைபடத்துக்கு அமையக் கட்டப்பட்டதென உறுதிப்படுத்தும் இசைவுச் சான்றிதழைப் பெற முடியாது. பின்னர் வங்கிக் கடன் எடுக்கும்போதும், காணியைப் பிள்ளைக்கு எழுதும்போதும், அந்தக் குறை முன்னால் வந்து நிற்கும். இடிக்கப்படும் அத்திவாரத்துக்குள் போன சீமெந்தின் பணத்தை எந்த நிறுவனமும் திருப்பித் தராது.

இதற்கிடையில் வீட்டுதவிப் பணத்தைப் பாதுகாத்துக் கொள்ளுங்கள். வேலையின் ஒவ்வொரு கட்டமும் முடிந்த பின்னரே அடுத்த பகுதிப் பணம் வருவதால், அனுமதி தாமதித்தால் உங்கள் பெயர் “வேலை தொடங்காதவர்” என்று பதியப்படும் ஆபத்து உண்டு. மறுப்புக் கடிதம் கிடைத்த அதே வாரத்தில் நிறுவனத்தின் கள உத்தியோகத்தருக்கு அதன் பிரதியையும், நீங்கள் கொடுத்த மேன்முறையீட்டின் பிரதியையும் ஒப்படையுங்கள். கால நீடிப்பை எழுத்தில் கேளுங்கள். வந்த பணத்தில் கல்லும் மணலும் முற்கூட்டியே இறக்க வேண்டாம். திருத்திய வரைபடத்தில் தேவையான அளவு மாறக்கூடும்.

காத்திருக்கும் காலத்தில் செய்யக்கூடிய வேலைகளும் உண்டு. எல்லையை அளந்து கல் நாட்டுவது, வேலி அடைப்பது, வளவைத் துப்புரவாக்குவது, கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்வது ஆகியவற்றைச் செய்து கொள்ளலாம். நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்த கிணற்றையும் பற்றையையும் துப்புரவாக்கும் முன்னர், அந்தப் பகுதி கண்ணிவெடி அகற்றப்பட்டதென விடுவிக்கப்பட்டுள்ளதா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதி செய்யுங்கள். மாரி தொடங்கும் முன்னர் கொட்டிலின் தகரத்தை மாற்ற உதவி தேவையென்றால் அதையும் தனியாகக் கேளுங்கள். தற்காலிகத் தங்குமிட உதவி பெறுவதால் நிரந்தர வீட்டுக்கான உரித்து குறையுமா என்ற கேள்வி இருந்தால், பெறும் முன்னரே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக் கொள்ளுங்கள்.

பணம் கேட்டால்

சபைக்குச் செலுத்தும் ஒவ்வொரு கட்டணத்துக்கும் அச்சிட்ட பற்றுச்சீட்டு உண்டு. பற்றுச்சீட்டு இல்லாமல் யாரும் பணம் கேட்டால், அலுவலராயினும் “நான் எடுத்துத் தாறன்” என்று வரும் தரகராயினும், கொடுக்க வேண்டாம். இலஞ்சம் பற்றி இலஞ்ச ஊழல் சாட்டுதல்களைப் புலனாய்வு செய்யும் ஆணைக்குழுவுக்கு 1954 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். இந்த நிறுவனத்தின் வீட்டுதவி, ஆலோசனை, படிவம் எதற்கும் கட்டணம் இல்லை.

ஒரு கோப்பு வைத்திருங்கள்

பல தடவை இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் காகிதம் தொலைவதன் நட்டம் புதிதாகச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மூலப் பிரதிகளைப் பொலித்தீன் உறையில் இட்டு உயரமான இடத்தில் வையுங்கள். அலுவலகங்களுக்குப் பிரதிகளை மட்டும் கொண்டு செல்லுங்கள். எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து, வேறிடத்திலுள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். கோப்பில் இருக்க வேண்டியவை:

காணி உறுதி அல்லது பெர்மிட், நில அளவை வரைபடம்
கட்டட விண்ணப்பப் பற்றுச்சீட்டு, சமர்ப்பித்த வரைபடத்தின் பிரதி
மறுப்புக் கடிதமும் உறையும்
நீங்கள் கொடுத்த ஒவ்வொரு கடிதத்தினதும் முத்திரையிட்ட பிரதி அல்லது பதிவுத் தபால் பற்றுச்சீட்டு
சோலைவரிப் பற்றுச்சீட்டு, பழைய குடியிருப்பைக் காட்டும் ஆதாரங்கள்
யாரை, எந்தத் திகதியில் சந்தித்தீர்கள், என்ன சொன்னார் என்று எழுதிய ஒரு கொப்பி

மறுப்புக் கடிதத்தோடு இந்தக் கோப்பையும் எங்கள் நடமாடும் சேவைக்குக் கொண்டு வந்தால், காரணங்களைப் பிரிக்கவும், மேன்முறையீட்டை எழுதவும், தேவைப்பட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு உங்களை அனுப்பி வைக்கவும் எமது உத்தியோகத்தர்கள் உதவுவார்கள். கோப்பில் சில காகிதங்கள் இல்லாவிட்டாலும் வாருங்கள். எதை எங்கே பெறலாம் என்பதை அன்றே பட்டியலாக எழுதித் தருவோம்.